பதினோரு மணிக்கே வரட்டியாகிற சப்பாத்தி

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு மணலியில் காலை ஷிஃப்ட். ஐந்து மணிக்கு எழுந்து சப்பாத்தி சுட்டு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்கிறாராம். பதினோரு மணிக்கு அவர் திறந்தால் வரட்டி மாதிரி இருக்கிறதாம். பால் ஊற்றிப் பிசைந்து பார்த்தார், தயிர் சேர்த்தார், யாரோ சொன்னார்கள் என்று ஆப்ப சோடாவும் போட்டார். எதுவும் சரிப்படவில்லை. கல்லில் போட்டால் உப்பவும் மாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு, சப்பாத்தி சுட்ட கல்லில் மறுநாள் தோசை வார்த்தால் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. இதற்கெல்லாம் என்ன செய்வது என்று கேள்வி.

நான் சமையல்காரன் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்திரண்டு வருஷம் மாவு மில் வைத்திருந்தவன். மனைவிக்கு மணிக்கட்டு வலி வந்த பிறகு வீட்டில் சப்பாத்தி என் தலையில் விழுந்தது. அதுவும் பத்து வருஷம் ஆகிவிட்டது. அதனால் மாவிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மில்லுக்கு சௌகார்பேட்டை, யானைக்கவுனி பக்கத்து மார்வாடிக் குடும்பங்கள் சில வாடிக்கை. நம் ஆட்கள் கோதுமையைக் கொட்டிவிட்டு, 'நைஸா அரைச்சுடுங்க' என்று போய்விடுவார்கள். அவர்கள் அப்படி இல்லை. பாட்டி என்கிற உருண்டை ரொட்டிக்கு என்றால் 'மோட்டா', அதாவது கொரகொரப்பாக. புல்கா என்கிற, நேர் தீயில் உப்பவைக்கும் மெல்லிய சப்பாத்திக்கு என்றால் 'பாரிக்', நைஸாக. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள். அதில் ஒரு வயசான பாபி (அண்ணி), ஒரு நாள் மில்லின் பின்கட்டில் நான் மதியத்துக்குச் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். விரலால் மாவை ஒரு குத்து குத்தினார். 'தண்ணி கம்மி, பையா' என்றார். எண்ணெய் இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கேள்விக்கும் என் பதில் அந்த இரண்டு வார்த்தைதான். மாவில் தண்ணீர் குறைவாக விடுகிறீர்கள், விட்டதையும் அடுப்பில் வற்ற விட்டுவிடுகிறீர்கள்.

கல் மில்லில் அரைத்த கோதுமை மாவு நிறையத் தண்ணீர் குடிக்கும். இரண்டு கல்லுக்கும் நடுவில் நசுங்கும்போது கோதுமையில் இருக்கும் மாவுச்சத்தின் துகள்கள் உடைபடும். உடைந்த துகள் முழுத் துகளைவிடப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தவிடும் தன் பங்குக்கு இழுக்கும், ஆனால் மெதுவாக. மைதா அப்படி இல்லை. ரோலர் மில்லில் வருவது, தவிடு கிடையாது, 100 கிராமுக்கு 55 மில்லி போதும். கோதுமை மாவுக்கு 65-லிருந்து 70 மில்லி வேண்டும், சில மாவுக்கு 75 கூடப் போகும். நம் வீடுகளில் மைதாவுக்கு விடுகிற அளவே கோதுமைக்கும் விட்டுவிட்டு, கை ஒட்டாமல் உருண்டை திரண்டதும் 'ஆயிற்று' என்று நிறுத்திவிடுகிறோம். அரை மணி கழித்துத் தவிடு தண்ணீரைக் குடித்து முடித்ததும் அதே மாவு கெட்டியாகிவிடும். அதைத் தேய்க்கக் கை வலிக்கும். தேய்த்ததும் ரப்பர் மாதிரி சுருங்கும், சுட்டதும் வரட்டி.

அளவு சொல்கிறேன். 250 கிராம் மாவுக்கு 170 மில்லி தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு. தராசு இல்லை என்றால், தலை தட்டிய இரண்டு டம்ளர் மாவுக்கு அதே டம்ளரில் முக்கால் டம்ளர் தண்ணீர். இதில் 35 கிராம் உருண்டையாகப் பன்னிரண்டு வரும். மழைக்காலத்தில் மாவு காற்றிலிருந்தே ஈரம் இழுத்திருக்கும், ஒன்றிரண்டு ஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிசையும்போது கையில் பிசுபிசு என்று ஒட்டும். பயந்துபோய் மாவு தூவாதீர்கள், எல்லாரும் தப்பு செய்கிற இடம் அதுதான். ஒட்டுகிற பதத்திலேயே இரண்டு நிமிஷம் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். அரை மணி கழித்து வந்தால் அதுவாகவே தளதளவென்று ஆகியிருக்கும். அப்போது ஒரு நிமிஷம் பிசைந்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்ப வேண்டும். காது மடல் பதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது சரியான பதம்தான்.

பத்து நிமிஷம் அடித்துப் பிசைந்தால்தான் மெத்தென்று வரும் என்பதை நான் நம்புவதில்லை. கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று கோத்து வலை மாதிரி ஆகும். அதுதான் குளூட்டன். பிசைந்தால் சீக்கிரம் ஆகும், சும்மா வைத்தாலும் ஆகும். அப்புறம் அந்த வலை தளர்ந்து கொடுப்பதற்கு ஊற வேண்டும். கை வலிக்கப் பிசைந்து உடனே தேய்ப்பவரைவிட, சோம்பேறித்தனமாகக் கலந்து வைத்துவிட்டு குளித்துவிட்டு வருபவரின் சப்பாத்தி நன்றாக இருக்கும்.

இப்போது மாவு. பாக்கெட் மாவு என்றால் பின்னால் சேர்மானத்தைப் படியுங்கள், மைதா கலந்தவையும் உண்டு. மில்லில் அரைப்பதாக இருந்தால் ரேஷன் கோதுமையானாலும் சரி, கடையில் வாங்கும் ஷர்பதி ரகக் கோதுமை ஆனாலும் சரி, கல், தூசி பார்த்துப் புடைத்து எடுங்கள். கழுவினால் மொட்டை மாடியில் நன்றாகக் காய வேண்டும். அரைகுறை ஈரத்தோடு கொண்டுவந்தால் கல்லில் மாவு பூசிக்கொள்ளும், மில்காரர் திட்டுவார். நானே திட்டியிருக்கிறேன். உங்களுக்கு முன்னால் கேழ்வரகோ கடலையோ அரைத்திருந்தால் முதலில் விழும் இரண்டு கை மாவில் அது கலந்திருக்கும், தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கல் கொத்திய மறுநாள் கோதுமை கொண்டுபோகாதீர்கள். கொத்தியதும் கொஞ்சம் தவிடோ நொய்யோ ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்வோம், ஆனாலும் முதல் நாள் பல்லில் நறநற என்று படலாம். 'கல் எப்போ கொத்துனீங்க?' என்று கேளுங்கள். கேட்டால் மில்காரருக்கு மரியாதை வந்துவிடும்.

அரைத்து வரும் மாவு தொட்டால் சுடும். அந்தச் சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடிவிட்டால் உள்ளே வேர்த்து மாவு கட்டிகட்டியாகும். என் வீட்டிலேயே பத்து கிலோவை ஒரு தகர டின்னில் அப்படி மூடிவைத்து, மூன்றாம் நாள் முடை நாற்றம் அடித்து எல்லாவற்றையும் கொட்டினோம். மில்காரன் வீட்டில் இந்தக் கதை! நியூஸ் பேப்பரில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு அடையுங்கள். முழுக் கோதுமை மாவில் முளையின் எண்ணெய் இருக்கிறது, நம் ஊர் வெயிலுக்கு அது காறிப்போகும். ஒரு மாசத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். நைஸ் சல்லடையில் சலித்துத் தவிட்டை முழுக்க எறிய வேண்டாம். பெரிய தவிடு மட்டும் சப்பாத்தியில் ஓட்டை போட்டு ஆவியை வெளியே விடும். அதை மட்டும் எடுத்தால் போதும்.

சரி, அடுப்புக்கு வருவோம். சப்பாத்தி உப்புவது ஆவியால். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். இரண்டு பக்கமும் தோல் மாதிரி இறுகி, நடுவில் மாவு இன்னும் ஈரமாக இருக்கும்போது சூடு ஓங்கி அடித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் குபீரென்று ஆவியாகி இரண்டு தோலையும் பிரித்துவிடும். உப்புவதும் அவ்வளவுதான், மெத்தென்று வேகுவதும் அவ்வளவுதான். உள்ளே ஆவியில் வெந்த சப்பாத்தி இட்லி மாதிரி. சிறு தீயில் நிதானமாகச் சுட்டால் ஆவி சேர்வதற்கு முன்பே ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப்போகும். அது அப்பளம் காய்வது மாதிரி. 'கருகிடுமோ' என்று தீயைக் குறைப்பதுதான் உங்கள் வீட்டில் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இரும்புக் கல்லை மிதமான தீயைவிடச் சற்றுக் கூட்டி வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு சிட்டிகை மாவு போட்டால் ஐந்தாறு விநாடியில் பழுப்பாக வேண்டும். உடனே கருகிப் புகைந்தால் சூடு அதிகம், வெள்ளையாகவே கிடந்தால் போதாது. சப்பாத்தியைப் போட்டு, நிறம் மங்கி மேலே சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பியதும் திருப்புங்கள். இருபது விநாடிதான் ஆகும், அடியில் பழுப்புப் புள்ளி விழும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாவது பக்கம் அரை நிமிஷத்துக்கு மேல் இருக்கட்டும், புள்ளி விழட்டும். அப்புறம் இடுக்கியால் எடுத்து, முதலில் வெந்த பக்கம் கீழே வரும்படி பக்கத்து அடுப்பின் நேர் தீயில் காட்டுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் பந்து மாதிரி எழும்பும். மொத்தத்தில் ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டவே கூடாது. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கரி பிடிக்கும், பர்னர் ஓட்டையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள்.

நேர் தீ பிடிக்காது என்றாலோ, இண்டக்ஷன் அடுப்பு என்றாலோ, கல்லிலேயே மடித்த பருத்தித் துணியால் ஓரத்தைச் சுற்றி மெல்ல அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்பும். குஜராத்தி வீடுகளில் காக்ராவை இப்படித்தான் துணியால் அழுத்துவார்கள், ஆனால் அவர்கள் சிறு தீயில் வேண்டுமென்றே நேரம் எடுத்து ஈரம் மொத்தத்தையும் விரட்டுவார்கள். அது நாள்கணக்கில் மொறுமொறுப்பாக நிற்க வேண்டிய பண்டம். நீங்கள் தெரியாமல் செய்துகொண்டிருப்பது பாதிக் காக்ரா! நான்ஸ்டிக் தவாவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். வெறும் தவா 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

தேய்ப்பதில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். வட்டமாக வருகிறதா என்று பார்க்க வேண்டாம், ஓரமும் நடுவும் ஒரே கனமாக வருகிறதா என்று பாருங்கள். நடு மெலிந்து ஓரம் தடித்தால் ஓரம் வேகக் காத்திருந்து நடு காய்ந்துபோகும். கட்டையை நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் ஓட்டினால் சப்பாத்தி தானாகச் சுழலும். தொட்டுத் தேய்க்கும் மாவையும் கம்மியாக வைத்துக்கொண்டு, கல்லில் போடும் முன் இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டி உதறுங்கள். உதறாத மாவு கல்லில் கருகி அடுத்த சப்பாத்தியில் ஒட்டும், சப்பாத்தியின் ஈரத்தையும் அதுவே குடிக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயம். மேலே சொன்ன புல்கா சுடச்சுடத் தட்டில் விழுந்து சாப்பிடுவதற்கு. ஆறு மணி நேரம் டப்பாவில் இருக்க வேண்டிய சப்பாத்திக்கு அது ஏற்ற ஆள் இல்லை. உங்கள் கணவருக்கு நான் பரிந்துரைப்பது நம் வீடுகளில் முன்பு போட்ட முக்கோணச் சப்பாத்தி. இப்போது பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள், எண்ணெய் என்று பயம். உருண்டையைப் பூரி அளவு தேய்த்து, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, பாதியாக மடித்து, மறுபடி எண்ணெய் தொட்டு முக்கோணமாக மடித்து, அந்த வடிவத்திலேயே தேய்க்க வேண்டும். மடிப்புகளுக்குள் எண்ணெய் நிற்பதால் ஏடு ஏடாகப் பிரியும், ஈரமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. புல்காவைவிடக் கனமாக இருப்பதால் தீ சற்றுக் கம்மி, இரண்டு பக்கமும் இரண்டு தடவை திருப்பி, ஓரத்தைக் கரண்டியால் அழுத்தி வேகவைக்க வேண்டும்.

அதற்கான மாவையும் வேறு மாதிரி பிசையலாம். 170 மில்லியில் 100 மில்லியைக் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, சூடு பொறுக்கும் பதம் வந்ததும் மீதித் தண்ணீரைச் சாதாரணமாக விட்டுப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவுக்கு வெந்நீர் ஊற்றுகிறோமே, அதே காரணம்தான். மாவுச்சத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே வெந்து, நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படிப் பிசைந்தால் அளவுக்கு மேலேயும் ஒன்றிரண்டு ஸ்பூன் கேட்கும், கொடுங்கள். இந்த மாவு புல்கா மாதிரி பந்தாக உப்பாது, அதற்கு வருத்தப்படாதீர்கள்.

சப்பாத்தி ஆறியதும் விறைப்பதற்கு ஈரம் போவது மட்டும் காரணமில்லை. வெந்தபோது இளகிய மாவுச்சத்து ஆற ஆற மறுபடி இறுகும், பழைய சோற்றுப் பருக்கை விறைப்பது மாதிரி. ஃபிரிட்ஜ் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். ராத்திரியே சுட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் கட்டிக் கொடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபிரீஸரில் வைத்துச் சுட வைத்தால் பரவாயில்லை. பாலும் தயிரும் கெடுதல் இல்லை. பாலில் இருக்கும் கொழுப்பு கொஞ்சம் உதவும். ஆனால் தண்ணீர் குறைந்த மாவைப் பாலால் காப்பாற்ற முடியாது. ஆப்ப சோடா மட்டும் வேண்டவே வேண்டாம். மாவு மஞ்சளாகும், ஒரு சவக்கார வாடை வரும், காலையில் வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்டவர் பாவம்.

கட்டும் முறையும் முக்கியம். கல்லிலிருந்து எடுத்ததைத் திறந்த தட்டில் வைத்து எல்லாம் முடியும் வரை காற்றாட விடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் பருத்தித் துணி விரித்து, எடுக்க எடுக்க ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். பத்து நிமிஷம் கழித்து அதே துணியோடு டப்பாவுக்கு மாற்றுங்கள். சுடச்சுட எவர்சில்வர் டப்பாவில் துணி இல்லாமல் மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டி, மேல் சப்பாத்தி சொதசொதப்பாகவும் அடி சப்பாத்தி விறைப்பாகவும் இருக்கும். குருமாவைத் தனி டப்பாவில் கொடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலை ஐந்து மணி அவசரத்துக்கு மாவை முந்தின ராத்திரியே பிசைந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். சுட்ட சப்பாத்திக்குத்தான் ஃபிரிட்ஜ் ஆகாது, மாவுக்கு நல்லது. மேலே எண்ணெய் தடவி மூடி வையுங்கள். காலையில் சாம்பல் நிறமாக இருந்தால் பயப்பட வேண்டாம், தவிட்டில் இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டுச் செய்கிற வேலை அது. ஆப்பிள் நறுக்கி வைத்தால் கறுப்பதும் இதே வகைதான். புளித்த வாடை வந்தால்தான் கொட்ட வேண்டும். தேய்ப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள், குளிர்ந்த மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். கரண்டு போன ராத்திரிக்கு மறுநாள் மட்டும் முகர்ந்து பார்த்து எடுங்கள்.

அப்புறம் அந்தத் தோசைக்கல். இரும்புக் கல்லில் தோசை ஒட்டாமல் வருவது பல நாள் எண்ணெய் சுட்டு ஏறிய மெல்லிய படலத்தால். சப்பாத்திக்குக் கல்லை எண்ணெய் இல்லாமல் கடுமையாகக் காய்ச்சும்போது அந்தப் படலம் எரிந்துபோகிறது, உதிர்ந்த மாவும் கருகி அங்கங்கே ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் தோசை மாவு நேராக இரும்பில் பட்டுப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இன்னொரு கல் வாங்குவது நல்லது. பாரிமுனை, தங்கசாலை பக்கம் பாத்திரக் கடைகளில் நடுவில் லேசாகக் குழிந்த இரும்புச் சப்பாத்திக் கல் கிடைக்கும், கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். தகரம் மாதிரி மெல்லிசாக இருந்தால் சப்பாத்தி போட்டதும் சூடு இறங்கிவிடும். வாங்கும் வரைக்கும், சப்பாத்தி சுட்ட கல்லைத் துணியால் துடைத்து, மிதமான சூட்டில் நல்லெண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் நான்கைந்து தடவை தேய்த்து, அப்படியே ஆறவிட்டு வையுங்கள். மறுநாள் முதல் தோசை எப்படியும் பிய்ந்துதான் வரும். இரண்டாவதிலிருந்து சரியாகிவிடும்.